டியூப் லைட்டுக்கு குட்பை சொல்றீங்களா? பட்டிக்குள்ளே இருக்கும் ஜாயின்டை ஒரு தடவை பாருங்க!

சிங்காநல்லூரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில், ஹால் டியூப் லைட் திடீரென்று மின்ன ஆரம்பித்தது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்டார்டரைத் திருகினேன். டியூபைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

ஸ்டூலில் ஏறி பட்டியின் மூடியைக் கழற்றியவர், இரண்டு நொடி பேசவே இல்லை. அப்புறம், "ஏனுங் தம்பி, இத்தனை நாளா இதுக்குக் கீழயா உக்காந்திருந்தீங்க?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். சோக்கிலிருந்து வந்த ஒயரையும் சுவரிலிருந்து வந்த ஒயரையும் கையால் முறுக்கி, அதன் மேல் யாரோ செல்லோடேப் சுற்றியிருக்கிறார்கள். இன்சுலேஷன் டேப்கூட இல்லை, பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டும் அதே செல்லோடேப். அது சூட்டில் கருகி உதிர்ந்து, காப்பர் கம்பி தகரப் பட்டியைத் தொடாத குறையாக நின்றது. எர்த் ஒயர் இல்லவே இல்லை. ஸ்டார்டரைத் திருகிய என் விரலுக்கும் அந்தத் தகரத்துக்கும் இடையே ஓர் அங்குலம்கூட இருந்திருக்காது.

டியூப் லைட் என்றால் நமக்குத் தெரிந்தது டியூப், சோக், ஸ்டார்டர். அவற்றை இணைக்கும் கனெக்டரையும் மூடி வைத்திருக்கும் பட்டியையும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஷாக் அடிப்பதும் கருகுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

டியூப் லைட்டின் காலம் அதிகாரபூர்வமாகவே முடியப்போகிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையின் ஐந்தாவது மாநாடு 2023 இறுதியில் ஜெனீவாவில் நடந்தது. பொது வெளிச்சத்துக்கான நீள டியூப்களின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதியை 2026, 2027 ஆகிய ஆண்டுகளுக்குள் (டியூபின் உள்பூச்சைப் பொறுத்து) நிறுத்துவது என அங்கே முடிவானது. இந்தியா இந்த உடன்படிக்கையை 2018-லேயே ஏற்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி5, டி8 டியூப்கள் 2023 ஆகஸ்டிலேயே சந்தைக்கு வருவது நின்றுவிட்டது.

அதாவது வீடு, ஆபீஸ், பட்டறை என்று எல்லா இடத்திலும் பட்டிகள் திறக்கப்படப் போகின்றன. சோக் வெளியே போகும், எல்.இ.டி உள்ளே வரும். அப்போது அந்த ஒயரை எப்படி முடித்து வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சோக் அப்படி என்னதான் செய்கிறது?

லேட்டாகப் புரிந்துகொள்பவரை 'டியூப் லைட்' என்று கிண்டல் செய்கிறோமே, அந்தப் பெயருக்குக் காரணம் ஸ்டார்டர். அதற்குள்ளே வாயு நிரப்பிய சின்னக் குமிழும், சூடானால் வளையும் ஒரு உலோகப் பட்டையும் இருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் அது சூடாகி வளைந்து, தொட்டு, ஆறி, விலக வேண்டும். அந்த இடைவெளியில் டியூபின் இரு முனை இழைகளும் சூடேறும். ஸ்டார்டர் விலகும் கணத்தில், சோக்கில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று அறுபடும். சோக் அதை எதிர்த்துப் பல நூறு வோல்ட் அளவுக்கு ஒரு உதை கொடுக்கும். டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும், வெளிச்சம் வரும்.

எரிய ஆரம்பித்த பிறகு சோக்கின் வேலை வேறு. டியூபைத் தன் போக்கில் விட்டால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய் வெடித்துவிடும். அதைக் கட்டுப்படுத்தி நிறுத்துவது இந்தச் சோக்தான். நாலடி 36 வாட் டியூபில் சுமார் 0.43 ஆம்பியர் ஓடும்.

இந்த வேலையில் சோக் சூடாகும். பழைய காப்பர் சோக் தன் பங்குக்கு மட்டும் 10 முதல் 15 வாட் வரை வெப்பமாக விரயம் செய்யும். அதன் உடம்பில் 'டி.டபிள்யூ 130' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருக்கலாம். சுற்றின் வெப்பம் 130 டிகிரிக்குள் இருந்தால் தொடர்ந்து 10 ஆண்டு தாங்கும் என்பது அதற்கு அர்த்தம். கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடான ஒரு பொருள் தகர டப்பாவுக்குள், அதைத் தொட்டுக்கொண்டே நம் முறுக்கு ஜாயின்ட்! செல்லோடேப் எத்தனை நாள் தாங்கும்?

முறுக்கி விட்ட ஜாயின்டுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. விளக்கு எரியும்போது சூடாகி விரியும், அணைத்தால் ஆறிச் சுருங்கும். தினமும் இது நடந்தால் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், அதனால் இன்னும் சூடாகும். கருகிய வாசனை வந்தால் 'சோக் போயிடுச்சு' என்று புதுச் சோக் வாங்கிப் போடுகிறோம். நிஜத்தில் போனது பல தடவை ஜாயின்ட்தான்.

பஞ்சும் பட்டறையும்

கோவைக்காரர்களுக்கு இந்த விஷயம் வீட்டோடு முடிவதில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பெருகிய நூற்பாலைகள், அவற்றைச் சுற்றி வளர்ந்த மோட்டார், பம்ப் பட்டறைகள் என்று இந்த ஊரே மெஷினோடு வாழ்கிற ஊர். சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டை ஒட்டிய பக்கங்களில் இன்றும் லேத் சத்தம் கேட்கலாம்.

நூற்பாலைக்குள் போயிருந்தால் தெரியும், காற்றிலேயே பஞ்சு பறக்கும். நூல் அறுந்துவிடாமல் இருக்க ஈரப்பதத்தையும் வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள். மூடியில்லாத பட்டியில் அந்தப் பஞ்சு படிந்து மெத்தை மாதிரி ஆகிவிடும். அடியில் சூடான சோக், பக்கத்தில் தளர்ந்த ஜாயின்ட், ஒரு பொறி பறந்தால் போதும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களுக்கு ரப்பர் கேஸ்கெட்டோடு இறுக மூடும் ஐ.பி 65 வகை ஃபிட்டிங்குகள் வந்தன. அந்த எண்ணில் முதலில் வரும் 6, தூசி உள்ளே புகவே முடியாது என்பதற்கு. அடுத்த 5, குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்பதற்கு. ஆனால் ஒயர் நுழையும் துளையை அடைக்காமல் விட்டால் 65 என்று அச்சடித்ததற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நம்ம ஊரில் அந்தத் துளைக்கான கிளாண்டை மாட்டாமல் டப்பாவிலேயே விட்டுவிடுகிற பழக்கம் ரொம்ப சகஜம்.

பட்டறைகளில் வேறொரு சிக்கல் இருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் டியூப் வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே கணக்கில் சுற்றும் லேத் சக் அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும்! நிற்கிறது என்று நினைத்துக் கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்காகவே விளக்குகளை மூன்று ஃபேஸ்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. ஒன்று மங்கும்போது இன்னொன்று பிரகாசமாக இருக்கும்.

நல்ல யோசனைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பட்டிகள் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் அவற்றுக்கு இடையே 230 வோல்ட் இல்லை, 400 வோல்ட். பழைய பட்டறையில் எல்.இ.டி மாற்ற ஏறுபவர் ஒரு வரிசையின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, மற்ற வரிசைகளும் அணைந்ததாக நினைத்துவிடக் கூடாது. மூன்று ஃபேஸுக்கும் ஒரே நியூட்ரல் ஒயர் என்றால் இன்னும் மோசம். அந்த நியூட்ரலை நடுவில் பிரித்தால், அணைந்திருக்கும் விளக்கின் ஒயரிலும் மற்ற ஃபேஸ்களின் மின்சாரம் வந்து நிற்கும்.

அமெரிக்கா கொண்டுவந்த ஒரு சின்ன கனெக்டர்

இந்த ஆபத்தை முன்னிட்டுத்தான் அமெரிக்காவின் தேசிய மின்சார விதிகளில் 2005 பதிப்பில் ஒரு விதி சேர்ந்தது. அங்கே ஆபீஸ்களில் விளக்குகளுக்கு 277 வோல்ட் கொடுப்பது வழக்கம். சோக் மாற்ற வரும் எலக்ட்ரீஷியனுக்காக மொத்த ஆபீஸையும் இருட்டாக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அவரும் மின்சாரம் ஓடும்போதே கை வைப்பார். ஆகவே, வீடுகளைத் தவிர்த்த கட்டடங்களுக்குள் இருக்கும் டியூப் ஃபிட்டிங்குகளில், சோக்கைத் தனியாகத் துண்டிக்க ஒரு வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். 2008 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்த வசதி பெரும்பாலும் இரண்டு பாதியாகப் பிரியும் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர்தான். இழுத்தால் கழன்று வரும். மின்சாரம் இருக்கும் பக்கத்தின் உலோகம் உள்ளே ஒளிந்திருக்கும், விரலுக்கு எட்டாது. நியூட்ரல் பொதுவாக இருக்கும் இடங்களில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே நேரத்தில் துண்டாக வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது.

நம்ம ஊர் பட்டிகளிலும் கம்பெனியில் இருந்து வரும்போது ஒரு கனெக்டர் இருக்கும், வெள்ளை பிளாஸ்டிக்கில் இரண்டு ஸ்க்ரூ வைத்தது. முதல் சோக் மாற்றத்தில் அது காணாமல் போய்விடுகிறது. ஸ்க்ரூ துரு பிடித்திருக்கும், டிரைவர் உள்ளே போகாது, 'முறுக்கி விட்டுடலாம்' என்று முடிந்துவிடும்.

எல்.இ.டி டியூப் மாட்டும்போது

பழைய பட்டியிலேயே எல்.இ.டி டியூப் மாட்டுபவர்கள்தான் அதிகம். கவனிக்க வேண்டியதும் இங்கேதான். எல்.இ.டி டியூப்களில் சில வகைகளுக்குச் சோக் அப்படியே இருக்கலாம், ஸ்டார்டருக்குப் பதில் கூடவே வரும் டம்மியை மாட்டினால் போதும். வேறு சில வகைகளுக்குச் சோக்கை எடுத்துவிட்டு நேரடியாக 230 வோல்ட் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரே முனையின் இரண்டு பின்களில் ஃபேஸ், நியூட்ரல் கொடுக்கும் மாடல் உண்டு. ஒரு முனையில் ஃபேஸ், மறுமுனையில் நியூட்ரல் கொடுக்கும் மாடலும் உண்டு.

இரண்டாவது மாடலில், சுவிட்ச் ஆனில் இருக்கும்போது ஒரு முனையை மட்டும் ஹோல்டரில் மாட்டி மறுமுனையைக் கையில் பிடித்தால், தரமில்லாத டியூபில் ஷாக் அடிக்க வாய்ப்பு இருக்கிறது. இதைத் தடுக்கவே ஐ.இ.சி 62776 என்ற தனித் தரநிலை இருக்கிறது. முதல் மாடலுக்கு ஒயரிங் மாற்றிய பட்டியில் பின்னாளில் யாராவது தெரியாமல் பழைய டியூபை மாட்டினால், அதன் இழைக்கு நேராக 230 வோல்ட் போய்ச் சட்டென்று கருகும். 'இது எல்.இ.டிக்கு மட்டும்' என்று பட்டிக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பேனாவால் எழுதினாலும் போதும்.

இன்னொரு விஷயம் பலர் கேட்பது. சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி மெல்லிசாக மினுங்குகிறதா? சுவிட்ச், ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பது ஒரு முக்கியக் காரணம். அப்படியென்றால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பட்டிக்குள் ஃபேஸ் உயிரோடுதான் இருக்கிறது. இன்டிகேட்டர் உள்ள சுவிட்சாலும், பக்கத்து ஒயரின் தாக்கத்தாலும் மினுங்கலாம் என்றாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். பட்டியைத் திறக்க வேண்டும் என்றால் சுவிட்சை நம்பாமல் எம்.சி.பியையே இறக்குங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருந்தால் நல்லது. எர்த் ஒயர் பட்டியின் தகரத்தில் இறுக்கமாகச் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கனெக்டரைப் பொறுத்தவரை, ஸ்க்ரூ வகையே போதும், ஒழுங்காக இறுக்கினால். மல்டி ஸ்ட்ராண்ட் ஒயரின் மெல்லிய இழைகளை ஸ்க்ரூ அறுத்துவிடாமல் முனையை மடித்துச் செருகச் சொல்லுங்கள். நெம்பியைத் தூக்கி ஒயரைச் செருகி அழுத்தும் வகை (வேகோ என்று கேட்டால் கடையில் புரியும்) இன்னும் சுலபம். ஸ்ப்ரிங் பிடித்திருப்பதால் சூட்டில் தளராது. பெயர் தெரியாத மலிவு நகல்களும் நிறைய வருகின்றன, அவற்றை நான் வாங்க மாட்டேன்.

கழற்றிய டியூபைக் குப்பை வண்டியில் உடைத்துப் போடாதீர்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, மின்கழிவு விதிகளில் இதுவும் அடக்கம். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் வெளியே போய்விடுங்கள். பிறகு அட்டையால் வாரி, ஈரத் துணியால் துடைத்து, இறுகக் கட்டிவிடுங்கள். விளக்குமாறு, வேக்யூம் கிளீனர் இரண்டும் கூடாது.

எங்கள் வீட்டு ஹாலில் அண்ணன் புதுக் கனெக்டர் போட்டு, எர்த் இழுத்து, மூடியை மாட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அடுத்து பெட்ரூம் பட்டியைத் திறந்தோம். அதே செல்லோடேப். கழற்றிய இரண்டு சோக்குகளையும், "காப்பருங்க, எடைக்குப் போட்டா காசு" என்று அவரே பையில் போட்டுக்கொண்டார். சமையலறைப் பட்டியை ஞாயிற்றுக்கிழமை வந்து திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்.