அந்த வட்டக் கதவுக்கு முன்னால்

ஐ.வி. என்றதும் நம்ம கிளாஸ்ல அடிபடும் பெயர்களில் விசாகப்பட்டினமும் ஒன்று. அங்கே போனால் ஆர்.கே. பீச்சில் நிற்கும் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்காமல் திரும்ப மனசு வராது. சரி, அந்த பேட்ச்சில் காலிபர் போட்ட நண்பன் ஒருவனோ, வீல்சேரில் வரும் தோழி ஒருத்தியோ இருந்தால்? "நீ பஸ்லயே இருடா, அரை மணி நேரத்துல வந்துடுறோம்." பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு கதை முடிந்துவிடும்.

அப்படி முடிய வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன், உள்ளே போவது ஏன் கஷ்டம் என்பது நமக்குப் புரிய வேண்டும். காரணம் சுத்தமான இன்ஜினியரிங்.

கப்பல் எப்படிப்பட்டது?

சோவியத் யூனியனில் கட்டப்பட்ட ஃபாக்ஸ்ட்ராட் வகை டீசல்-எலெக்ட்ரிக் நீர்மூழ்கி இது. 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது, 1971 போரில் பங்கேற்றது, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. அதைக் கடலிலிருந்து கரைக்கு இழுத்து, கான்கிரீட் மேடையில் உட்கார வைத்து, 2002-இல் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். நீளம் 91 மீட்டருக்குச் சற்று மேல். உள்ளே ஏழு பிரிவுகள். படிக்கட்டில் ஏறி உள்ளே போய், டார்பிடோ குழாய்கள், தூங்கும் பலகைகள், பேட்டரி, இன்ஜின் எல்லாம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் இறங்க வேண்டும்.

கதவு ஏன் அவ்வளவு சின்னது?

ஒரு பிரிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே தடுப்புச் சுவர் இருக்கிறது. ஒரு பிரிவில் தண்ணீர் புகுந்தால் அந்தச் சுவர்தான் மற்ற பிரிவுகளைக் காப்பாற்ற வேண்டும்.

சின்னதாக ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 100 மீட்டர் ஆழத்தில் ஒரு பிரிவு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பிரிவில் இருப்பது சாதாரணக் காற்றழுத்தம். அப்போது சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்துகிறது. 60 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கதவு தாங்க வேண்டியது சுமார் 28 டன். அதே இடத்தில் நம்ம ஹாஸ்டல் ரூம் கதவு மாதிரி 90 செ.மீ.க்கு 2 மீட்டர் கதவு வைத்தால்? 180 டன்! வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: மூலை இருந்தால் அங்கே ஸ்ட்ரெஸ் குவியும்.

ஆக, அந்தக் கதவு யாரையும் ஒதுக்குவதற்காகச் சின்னதாக வைத்ததில்லை, உயிர் காப்பதற்காக வைத்தது. ஆனால் கடற்படை வீரர்களுக்குப் போட்ட அளவு, இன்று சுற்றுலா வரும் எல்லோருக்கும் அளவாகிவிட்டது. சாதாரண வீல்சேரின் அகலமே 65 செ.மீ. அளவில் வரும். அதோடு கதவு தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. குனிய வேண்டும், ஒரு காலைத் தூக்கிப் போட வேண்டும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அந்த நேரம் ஊன்றுகோலை யாரிடம் கொடுப்பது? ஒரு கதவு தாண்டினால் போதாது, வரிசையாக இன்னும் இருக்கின்றன. பின்னால் கூட்டம் வரும்போது பாதியில் திரும்புவதும் எளிதல்ல. காது கேளாத நண்பருக்கு வேறு பிரச்சினை: குறுகிய இடத்தில் வழிகாட்டி முன்னால் நின்று பேசினால் அவர் முகமே தெரியாது.

ஸ்டாக்ஹோமில் ஒரு கப்பல்

ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே கவிழ்ந்தது. மேல்பாரம் அதிகம், ஸ்டெபிலிட்டி போதவில்லை. 1961-இல் வெளியே எடுத்தார்கள். 1990-இல் அதைச் சுற்றியே அருங்காட்சியகம் திறந்தது. பழைய மரம் தாங்காது என்பதால் பார்வையாளர் எவரையும் கப்பலுக்குள் விடுவதில்லை. பதிலாக, பல மாடிகளிலிருந்து கப்பலைப் பார்க்கலாம், மாடிகளுக்கு லிஃப்ட் உண்டு. பீரங்கித் தளத்தின் ஒரு பகுதியை முழு அளவில் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள் போகலாம். வீல்சேரில் வந்தவரும் ஓடி வந்தவரும் பார்ப்பது ஒரே கப்பல்தான்.

கவனிச்சீங்களா? கப்பலை மாற்றவில்லை. பார்க்கும் வழியைத்தான் வடிவமைத்தார்கள். நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கலாசாரத்திலும் பொழுதுபோக்கிலும் சமமான பங்கைத்தான் கேட்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், போகும் முன்பே போன் செய்து கேளுங்க. 'வசதி இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். படி எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம், கதவின் அகலம் எவ்வளவு, கூட்டம் குறைவான நேரம் எது என்று கேளுங்க.

இரண்டாவது, "தூக்கிட்டுப் போயிடலாம் மச்சி" என்று ஆரம்பிக்காதீங்க. அந்தக் கதவில் ஒருவரைத் தூக்கி நுழைப்பது இருவருக்குமே ஆபத்து. போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியதும் அவர்தான். கேட்காமல் தூக்குவதும் தப்பு, கேட்காமல் பஸ்ஸில் விடுவதும் தப்பு.

மூன்றாவது, வெளியே இருப்பவர் வெறுமனே காத்திருக்க வேண்டாம். கப்பலின் முழு உடலும் பீச் ரோட்டிலிருந்தே தெரியும். உள்ளே குனிந்து போகிறவர்களுக்கு அந்த நீளமும் வடிவமும் தெரியாது. ஒருவர் கூடவே இருக்கட்டும். அனுமதி கிடைத்தால், உள்ளே போனவர்கள் வீடியோ கால் போட்டு ஒவ்வொரு பிரிவாகக் காட்டட்டும்.

கடைசியாக ஒன்று. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஐடியா இல்லையென்று புலம்புகிறோமே! ஒரு நீர்மூழ்கிப் பிரிவை 360 டிகிரியில் படமாக்குவது, பார்வையற்றவர் தொட்டு உணர 3டி பிரிண்ட் மாடல் செய்வது, பக்கச்சுவர் இல்லாத முழு அளவு மாதிரி ஒன்றை வரைவது... மூன்றுமே நம் லேபில் முடியக்கூடிய வேலைகள். 28 டன் தாங்கும் கதவைச் செய்தது இன்ஜினியர்கள்தானே. அதற்கு வெளியே நிற்பவருக்கு வழி செய்வதும் நம்ம வேலைதான்.