வயது ஒரு காரணமா?

"வயசாயிடுச்சு, இனி இந்தக் கணினியெல்லாம் எனக்கு வராது!"

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியை அடிக்கடி இப்படிச் சொல்வார். வருகையைப் பதிவேட்டில் எழுதுவார். பிறகு அதையே இணையத்தில் பதிய, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து 'லைன்' தேடுவார். அவருக்குச் சிக்கல் கணினியா, இரட்டை வேலையா?

ஆசிரியர்களும் அரசு ஊழியர்களே. 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம், சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையத்தையும் மெய்நிகர் கற்றல் தளத்தையும் தர முனைந்தது. ஆனால், அத்தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை காட்டியது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் மாதம் கல்வி அமைச்சு 'டெலிமா' தளத்தை அறிமுகப்படுத்தியது. "வராது" என்ற அதே ஆசிரியை, வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார். இளம் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு கூகுள் வகுப்பறையையும் கற்றுக்கொண்டார். இடையில் அவருக்கு வயது கூடியதே தவிர, குறையவில்லை!

அப்படியானால் மாறியது என்ன? விஸ்வநாத் வெங்கடேஷும் மூன்று ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. புதிய தொழில்நுட்பத்தை ஒருவர் ஏற்பதை நான்கு காரணங்கள் முடிவு செய்கின்றன: அதனால் வேலைக்குப் பயன் உண்டா? கையாள எளிதா? உடனிருப்போர் ஊக்குவிக்கிறார்களா? கருவியும் உதவியும் கிடைக்கின்றனவா? வயதும் அனுபவமும் இவற்றின் வலுவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால், வயது மட்டுமே விடையாகிவிடாது.

ஆசிரியைக்கு முதல் மூன்றும் கிடைத்தன. நான்காவதுதான் கடைசிவரை இழுபறி. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகள் எங்கள் தோட்டத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகள் இழந்த பாடங்களுக்கு ஆசிரியையின் வயது காரணமல்ல.

மாணவ நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஆசிரியராக, மாவட்ட அலுவலக அதிகாரியாக, மருத்துவமனைப் பணியாளராகப் போகிறோம். புதிய செயலியைக் கொண்டுவரும் இடத்தில் அமர்ந்தால், ஒன்றை மறக்க வேண்டாம்: புதியதைச் சேர்க்கும்போது பழைய பதிவேடு ஒன்றையாவது எடுத்துவிடுங்கள். அருகில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவரையும் வையுங்கள்.

அதுவரை, "வராது" என்பவரைக் கண்டால் சிரிக்காதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.