ராகிக் கொல்லையில் களைக்கொல்லிச் சோதனை

பெங்களூரில் மார்கழிக் குளிரோடு வந்து குவியும் அவரைக்காய்க்கும் ராகிக் களிக்கும் நெருங்கிய உறவு உண்டு. தென் கர்நாடகத்து மானாவாரி நிலங்களில் இரண்டும் ஒரே கொல்லையில் வளர்கின்றன. சில சால் ராகி, ஒரு சால் அவரை என்று விதைப்பது அங்கே பழைய வழக்கம். களைக்கொல்லி ஆராய்ச்சியாளர்களைத் திணற வைப்பதும் இந்த வழக்கம்தான்.

களையைக் கொன்று பயிரை விட்டுவிடும் மருந்து எப்படிச் சாத்தியம்? மக்காச்சோளத்துக்குப் போடும் அட்ரசினை எடுத்துக்கொள்வோம். களையும் அதை உறிஞ்சுகிறது, சோளமும் உறிஞ்சுகிறது. ஆனால் சோளம் அதைத் தன் உடலுக்குள்ளேயே சிதைத்து, நஞ்சை முறித்துவிடுகிறது. பல களைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அவரைக்கும் இல்லை! சோளத்தின் நடுவே அவரை போட்டவர் அட்ரசின் தெளித்தால், களையோடு அவரையும் போகும்.

பெண்டிமெத்தலின் வேறு ரகம். அது மேல்மண்ணில் தங்கி, முளைத்து வரும் களையை அங்கேயே மடக்குகிறது. ஆழ ஊன்றிய பருத்த அவரை விதை தப்பிக்கிறது. கடுகு போன்ற ராகி விதையோ மேலாக விதைக்கப்படுவது. அதற்கு இந்த மருந்து ஆபத்து.

போதாக்குறைக்கு, ராகிக் கொல்லையின் களைகளில் ஒன்று ராகிக்கே சொந்தக்காரப் புல். கதிர் விடும்வரை, களை பிடுங்கிப் பழகிய கைகளே சில வேளை தடுமாறும். ரசாயனம் மட்டும் எப்படிப் பிரித்தறியும்?

அகில இந்தியக் களைக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சித் திட்டம் 1978-ல் தொடங்கியபோது பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதில் ஒரு மையமாயிற்று. இத்தகைய சோதனையில் நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாத்தியில் களையைத் தொடுவதே இல்லை. இன்னொன்றில் கையால் எடுக்கிறார்கள். மற்றவற்றில் வெவ்வேறு மருந்துகள், வெவ்வேறு அளவுகள். சிபாரிசு அளவைப்போல் இரு மடங்கு தெளித்துப் பார்ப்பதும் உண்டு. தெளிப்பானைச் சுமந்து நடப்பவர் ஒரே இடத்தில் இருமுறை அடித்துவிடுவது சகஜம்தானே! பிறகு சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் அகப்பட்ட களைகளை எண்ணி, பிடுங்கி, உலர்த்தி எடை போடுகிறார்கள். அறுவடைக்குப் பின் அந்த மண்ணில் வெள்ளரி விதைத்து, நஞ்சு மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

அவரை கலந்த கொல்லைக்கு இன்றும் நம்பகமானவை, வரிசைகளுக்கு நடுவே மாடு பூட்டி ஓட்டும் ‘குண்டே’ என்ற களைக்கருவியும், வரிசைக்குள்ளே பெண்களின் கைகளும்தான். விதைத்த முதல் ஐந்து வாரங்களுக்குள் அந்த வேலை முடிய வேண்டும். நகரத்துக் கட்டட வேலைக்குப் போய்விட்ட ஆளைத் தேடிக்கொண்டிருந்தால் களை முந்திக்கொள்ளும்.