வீழ்ந்தவர்க்கு ஒரு வீடு

நம் விடுதித் தோழர் ஒருவரின் சித்தப்பா, குடியினால் வேலையை இழந்து, வீட்டையும் இழந்து, ஊர்ப் பேருந்து நிலையத்தில் படுத்துறங்கும் நிலைக்கு வந்துவிட்டார். கிறித்தவர்கள் நடத்தும் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் ஆறு மாதம் சேர்க்கலாம் என்று உறவினர் சொல்கிறார்களாம். “அங்கே குடியை மாற்றுவார்களா, மதத்தை மாற்றுவார்களா?” என்று தோழர் என்னைக் கேட்டார். சமூகப்பணி படிப்பவன் என்பதால் என்னிடம் இத்தகைய கேள்விகள் வருவது வழக்கம்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு முந்திக் கேட்கவேண்டியது ஒன்று உண்டென்பது என் எண்ணம். அந்த வீட்டின் கதவு யார் கையில் இருக்கிறது? அங்கே செய்யும் உழைப்பின் பயன் யாருக்குப் போகிறது? இவ்வில்லங்கள் பிறந்து வளர்ந்த கதையைப் பார்த்தால் இது விளங்கும்.

கதையை இலண்டனில் தொடங்கலாம். வில்லியம் பூத் என்பவர் இளமையில் அடகுக்கடையில் வேலை பழகியவர். ஏழையின் கோட்டும் போர்வையும் திங்கட்கிழமை கடைக்கு வந்து சனிக்கிழமை மீண்டு போவதைக் கண்ணால் கண்டவர். 1865-இல் கிழக்கு இலண்டனில் அவர் தொடங்கிய சமயப் பணி 1878-இல் ‘இரட்சணிய சேனை’ என்று பெயர் பெற்றது. முதலில் பிரசங்கம்தான் பெரிது. பசித்தவனிடம் பரலோகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. 1888-இல் லைம்ஹவுஸ் பகுதியில் மலிவு உணவுச்சாலை திறந்தார்கள். பிறகு இராத்தங்கும் விடுதிகள். நான்கு பென்னிக்குக் கிடைத்த படுக்கை சவப்பெட்டியைப் போன்ற மரப்பெட்டி. அதற்குச் ‘சவப்பெட்டி’ என்றே பெயரும் வந்துவிட்டது. ஆனால் பனிக்காலத்தில் தேம்ஸ் கரையில் படுத்தவனுக்கு அது மாளிகை.

1890-இல் பூத் ‘இருண்ட இங்கிலாந்தும் வெளியேறும் வழியும்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். நாட்டில் பத்தில் ஒருவர், ஏறத்தாழ 30 இலட்சம் பேர், மூழ்கிக் கிடக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அதில் அவர் காட்டிய உவமை எளியது. இலண்டன் தெருவில் வண்டிக்குதிரை விழுந்தால், அது ஏன் விழுந்தது என்று யாரும் விசாரணை நடத்துவதில்லை. முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். அதற்குத் தீனி உண்டு, கொட்டில் உண்டு, வேலை உண்டு. மனிதனுக்கு இவ்வளவாவது கிடைக்கக்கூடாதா என்று கேட்டார். திட்டத்தைத் தொடங்க ஓர் இலட்சம் பவுன் வேண்டுமென்றார். அறிவியல் மாணவர்களுக்குத் தெரிந்த ஹக்ஸ்லி, ‘டைம்ஸ்’ பத்திரிகையில் தொடர்ந்து கடிதம் எழுதி இத்திட்டத்தை எதிர்த்தார். ஒரு தலைவருக்குக் கேள்வியின்றிக் கீழ்ப்படியும் கூட்டத்திடம் இவ்வளவு பணத்தையும் மனிதரையும் ஒப்படைக்கலாமா என்பது அவர் அச்சம். அந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

திட்டப்படி முதலில் நகரத்தில் தங்குமிடமும் தொழிற்கூடமும். அடுத்துக் கிராமத்தில் பண்ணை. இறுதியில் கடல்கடந்த குடியேற்றம். பண்ணை 1891-இல் எஸெக்ஸ் மாவட்டத்து ஹாட்லியில் அமைந்தது. செங்கல் சூளை, காய்கறித் தோட்டம், கோழி வளர்ப்பு என்று வேலைகள். மதுவுக்கு இடமில்லை. சுற்றிச் சிறைமதில் கிடையாது. பிடிக்காதவன் இலண்டனுக்குத் திரும்பிப் போகலாம், போனவர்களும் உண்டு. அந்நிலம் இன்றும் சேனையிடம் இருக்கிறது. 2012 ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் போட்டி நடந்ததும் அங்கேதான்!

ஏன் ஊரைவிட்டுக் கூட்டிப் போகவேண்டும்? குடிப்பழக்கம் குடிப்பவன் உடம்பில் மட்டும் குடியிருப்பதில்லை. அது தெருமுனையில், கூட்டாளியின் அழைப்பில், செய்வதற்கொன்றுமில்லாத மாலை நேரத்தில் காத்திருக்கிறது. இல்லம் இவற்றிலிருந்து சில மாதம் அவனை விலக்கி வைக்கிறது. விடியலில் எழுவது, வேளைக்கு உண்பது, வேலை, செபம், உறக்கம் என்னும் ஒழுங்கு, சிதறிப்போன நாளைத் திரும்பக் கட்டித் தருகிறது. இதில் செபத்தின் பங்கு என்ன? நம்பிக்கையுள்ளவர் ஒன்று சொல்வார், இல்லாதவர் வேறொன்று சொல்வார். என் வரையில், ‘நீ இன்னும் தள்ளப்பட்டவனல்லன்’ என்று ஒருவனிடம் நாள்தோறும் சொல்லும் கூட்டம் வேறெங்கும் அவனுக்குக் கிடைப்பதில்லை என்பதே பெரிதாகப் படுகிறது.

அச்சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். நியூயார்க்கில் ஆற்றுத் திருடனாக இருந்து சிங்சிங் சிறை சென்ற ஜெர்ரி மக்காலி, விடுதலைக்குப் பின்னும் குடியில் வீழ்ந்து எழுந்தவர். அவர் 1872-இல் வாட்டர் தெருவில் தொடங்கிய இல்லமே அமெரிக்காவில் இவ்வகை இல்லங்களுக்கு முன்னோடி. 1934-இல் அதே நகரத்துக் கல்வாரி என்னும் இல்லத்துக்கு வந்த பில் வில்சன், மறு ஆண்டில் டாக்டர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். குடித்தவன் குடிப்பவனிடம் பேசுவதே அதன் மருந்து.

இனி மறுபக்கம். சேனை 1882-இல் பம்பாய் வந்திறங்கியது. தலைமை தாங்கியவர் ஐ.சி.எஸ். பதவியை உதறிய பிரெடரிக் டக்கர். காவி உடுத்தி, ‘பக்கீர் சிங்’ என்று பெயர் சூடியவர். நாகர்கோவில் காதரீன் பூத் மருத்துவமனை இச்சேனையுடையதே என்பதைக் குமரித் தோழர்கள் அறிவார்கள். ஆனால் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளையும் இதே சேனையிடம் வெள்ளையர் அரசு ஒப்படைத்தது. அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரத்தில், எருகல மக்களுக்கென 1913-இல் ஏற்பட்ட ஸ்டூவர்ட்டுபுரம் அவற்றுள் ஒன்று. அங்கும் கூரை உண்டு, வேலை உண்டு, வேதபாடம் உண்டு. ஹாட்லியில் இருந்த ஒன்று மட்டும் இல்லை: வெளியேறும் உரிமை. ஆஜர் கொடுக்கவேண்டும், வெளியே போகச் சீட்டு வேண்டும். பெருங்காமநல்லூரை மறவாத நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அச்சட்டம் ஒழிந்தது 1952-இல்தான்.

உழைப்பைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் அலமோ நிறுவனம் என்னும் கிறித்தவ அமைப்பு, போதையிலிருந்து மீண்டவர்களைக் கொண்டு பெட்ரோல் நிலையம், துணிக்கடை, பன்றிப்பண்ணை முதலியவற்றை நடத்தியது. கூலி கிடையாது, சோறும் துணியும் இடமும்தான். வேலை செய்தவர்களே ‘எங்களுக்குக் கூலி வேண்டாம், இது ஊழியம்’ என்று சாட்சி சொன்னார்கள். இருந்தும் அவர்கள் ஊழியர்களே, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பென்றே நினைக்கிறேன். தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பது மனத்துக்கு மருந்தாகலாம். அந்த மருந்தை விற்றுக் கடை நடத்தினால் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

‘திருந்தினால் வீடு’ என்பதைத் தலைகீழாக்கியவர்களும் இருக்கிறார்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்னும் உளவியலாளர், குடியை விடு என்ற நிபந்தனையின்றியே வீடற்றவர்க்கு வீடு கொடுக்கும் முறையைத் தொடங்கினார். அம்முறையில் பெரும்பாலோர் வீட்டில் நிலைத்துத் தங்குகிறார்கள். ஆனால் குடி அதனால் பெரிதும் குறைந்துவிடவில்லை. ஆகவே இரண்டுக்கும் வேலை இருக்கிறது என்பேன்.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், மது, போதை சார்ந்த மனநிலைகளையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. இத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இல்லம் பதிவு பெறவேண்டும். வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தால் தக்க ஊதியம் தரவேண்டும். வலிந்து தலையை மொட்டையடிக்கக் கூடாது, சங்கிலியிடக் கூடாது. உறவினரைப் பார்க்கவும் தொலைபேசியில் பேசவும் உள்ளிருப்பவருக்கு உரிமை உண்டு. இவற்றைச் சேர்க்கும் நாளிலேயே பொறுப்பாளரிடம் கேட்கலாம். செபக்கூட்டத்துக்கு வராதவனுக்குச் சாப்பாடு உண்டா என்பதையும் கூச்சமின்றிக் கேட்கலாம்; நல்ல இல்லத்தார் இதற்குக் கோபிப்பதில்லை. எல்லாவற்றிற்கும் முன்னதாக, முதல் வாரம் மருத்துவர் இருப்பாரா என்று கேளுங்கள். பல ஆண்டு குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்நாட்களுக்கு வேண்டியது மருத்துவமனைப் படுக்கை. இல்லம் அதற்குப் பிறகு.