ஆர்.ரி. ரயில் சொல்லிவிட்டுப் போனது



நான் 1989 இல் ரொறன்ரோ வந்தேன். கெனடி நிலையத்தின் மேல்தளத்தில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலை முதன்முதலாகக் கண்டபோது, யாழ்தேவியில் போய்ப் பழகிய எனக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரிந்தது. பிறகு அதிலேதான் வேலைக்குப் போனேன், ஆங்கில வகுப்புக்குப் போனேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கும் போனேன். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்த மாதம் அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

ஆர்.ரி. 1985 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. பாதையின் நீளம் 6.4 கிலோமீற்றர். கெனடி, லோரன்ஸ் ஈஸ்ற், எல்ஸ்மியர், மிட்லண்ட், ஸ்காபரோ சென்ரர், மக்கவன் என்று ஆறு நிலையங்கள். மொத்தம் 28 பெட்டிகள். இந்த ஆறில் கெனடியிலும் ஸ்காபரோ சென்ரரிலும் மட்டுமே லிப்ற் இருந்தது.

முதலில் இந்தப் பாதையில் சாதாரண ஸ்ரீற்கார் விடுவதாகத்தான் திட்டம். ஒன்ராறியோ மாகாண அரசு, தன்னுடைய நிறுவனம் உருவாக்கிய புதுவகை ரயிலை இங்கே ஓட்ட விரும்பியதால் திட்டம் மாறியது.

அதில் என்ன புதுமை? மற்ற மின்சார ரயில்களில் மோட்டர் சுழன்று சில்லைச் சுற்றும். அந்த மோட்டரை வெட்டி, பாய்போல விரித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி பெட்டிக்கு அடியில் கம்பிச் சுருளாக இருக்கும். மறு பாதி இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே அலுமினியத் தகடாகப் படுத்திருக்கும். சுருளில் மின்சாரம் பாயும்போது உண்டாகும் காந்தவிசை, பெட்டியை முன்னே தள்ளும். சில்லுகள் பாரத்தைச் சுமப்பதோடு சரி. இதற்குச் சுருளும் தகடும் மிக நெருக்கமாக இருக்கவேண்டும். பக்கத்தில் மின்சாரம் கொடுக்கும் தண்டவாளங்களில் உறைபனி பிடித்தாலும் ரயில் நின்றுவிடும்.

இதே வகை ரயில் வன்கூவரிலும் ஓடியது. அங்கே சாரதி இல்லாமலே ஓடியது. அவர்கள் புதிய பெட்டிகள் வாங்கினார்கள், பாதையை நீட்டினார்கள், இன்றும் ஓட்டுகிறார்கள். எங்கள் பாதையில் எல்ஸ்மியருக்குப் பக்கத்திலுள்ள வளைவு மிகவும் நெருக்கமானது. பிறகு வந்த நீளமான பெட்டிகள் அதில் திரும்பமாட்டா. பாதையைத் திருத்தாமல் பெட்டியை மாற்ற முடியாது.

ஆகவே பதிலாக என்ன கட்டுவது என்ற விவாதம் தொடங்கியது. இலகு ரயில் என்றார்கள். 2013 இல் நகரசபை சுரங்க ரயில் என்று வாக்களித்தது. 2016 இல் ஒரே ஒரு நிலையம் போதும் என்றார்கள். 2019 இல் மாகாண அரசு அதை மூன்றாக்கியது. இத்தனை வருடமும் அந்தப் பழைய பெட்டிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

2023 நவம்பரில் ஆர்.ரி.யை மூடுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதற்கு முன்பே, 2023 ஜூலை 24 மாலை, எல்ஸ்மியருக்குத் தெற்கே கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டது. ரயிலில் 45 பேர் இருந்தார்கள். ஐந்து பேர் சிறு காயங்களோடு வைத்தியசாலை போனார்கள். ஒரு மாதத்தில், இனி ரயில் ஓடாது என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து அந்த வழிக்கு பஸ்தான்.

கட்டப்பட்டு வரும் புதிய சுரங்கப் பாதை 7.8 கிலோமீற்றர். லோரன்ஸ், ஸ்காபரோ சென்ரர், செப்பேட் என்று மூன்று நிலையங்கள், மூன்றும் மக்கவன் வீதியை ஒட்டியவை. மிட்லண்ட், எல்ஸ்மியர் பக்கம் அது போகாது. ரயிலை நம்பி வீடு பார்ப்பவர்கள் முதலில் வரைபடத்தை ஒருக்கால் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த விவாதம் நடந்த வருடங்களில் நான் ஒரு பொதுக்கூட்டத்துக்கும் போகவில்லை. இரட்டை வேலை, களைப்பு, ஆங்கிலம் வராது என்ற கூச்சம். தினமும் அந்த ரயிலில் போன எனக்குத்தான் அங்கே சொல்வதற்கு நிறைய இருந்தது. அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு அழைப்புக் கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். போய் இருந்து, தெரிந்த மொழியில் இரண்டு வசனமாவது சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் மொழிபெயர்ப்பார்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.