நட்டது 500, நிற்பது எத்தனை?

தமிழ்நாடு அரசு சுதந்திர தினத்தன்று வழங்கும் முதலமைச்சரின் மாநில இளைஞர் விருதுக்கான விதிமுறைகளில் ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பிப்பவர் செய்த தொண்டு கண்டறியக்கூடியதாக இருக்க வேண்டும். அளவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் மூன்று ஆண்கள், மூன்று பெண்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய், பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். குளம் தூர்வாரும் மன்றங்களும் மாலை வகுப்பு நடத்தும் பெண்களும் நள்ளிரவில் ரத்தம் கொடுக்க ஓடும் பையன்களும் ஊருக்கு ஊர் இருக்கும் மாநிலத்தில் விருது கிடைப்பது ஆறே பேருக்கு. பலர் சறுக்குவது உழைப்பில் அல்ல, இந்த நிபந்தனையில்தான்.

ஏதாவது ஓர் ஊர் நற்பணி மன்றத்தின் ஃபைலை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். லேமினேஷன் செய்த சான்றிதழ்கள், பொன்னாடை போர்த்தும் படங்கள், ப்ளெக்ஸ் பேனருக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள், தேதி தெரியாமல் கத்தரிக்கப்பட்ட பத்திரிகைச் செய்திகள். இவர்களை யார் யார் பாராட்டினார்கள் என்பது அதில் தெளிவாக இருக்கும். இவர்கள் என்ன செய்தார்கள், அதனால் ஊரில் என்ன மாறியது என்பது மட்டும் இருக்காது. சான்றிதழ்களைச் சேர்த்து வைப்பது ஒரு வேலை. செய்ததைப் பதிவு செய்வது வேறு வேலை. முதல் வேலையை நம் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். இரண்டாவதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

மரக்கன்று நடுவதையே எடுத்துக்கொள்வோம். இளைஞர் மன்றங்களின் விண்ணப்பங்களில் அதிகம் தென்படும் பணி இதுதான். ‘500 மரக்கன்றுகள் நட்டோம்’ என்ற வரியோடு விஷயம் முடிந்துவிடும். படிப்பவருக்கு அதற்குப் பிறகுதான் கேள்விகளே தொடங்குகின்றன. என்ன கன்று? எந்த இடம், யாருடைய நிலம்? புறம்போக்கு என்றால் ஊராட்சியின் அனுமதி இருந்ததா? ஆடு மாடு கடிக்காமல் கூண்டு வைத்தார்களா, முள் அடைத்தார்களா? சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றினார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஓராண்டு கழித்து எத்தனை நிற்கின்றன? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் மன்றம் மற்ற எல்லாரையும் முந்திவிடும். ‘500 நட்டோம், 310 பிழைத்தன, பட்டுப்போனதில் பெரும்பகுதி ரோட்டோரத்தில் வைத்தவை, மறு ஆண்டு பள்ளி வளாகத்துக்குள் மட்டும் வைத்தோம்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் உண்மையாகவே வேலை செய்தவர் என்று நம்புவதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பட்டுப்போன கன்றுகளின் கணக்கு அவரைத் தாழ்த்தாது. பிழைத்தவற்றின் கணக்கை நம்ப வைப்பதே அதுதான்.

இந்தக் கணக்கைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து உண்டாக்க முடியாது. நட்ட அன்றே எண்ணி எழுதியிருக்க வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை நடந்து போய் எண்ணியிருக்க வேண்டும். அப்படி எண்ணப் போகிறவர்கள் வாடிய கன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப மாட்டார்கள். விருது கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும், பதிவு வைக்கும் மன்றத்தின் மரங்கள் அதிகம் பிழைக்கும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

மாலை நேர வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும். சேர்ந்த வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எழுத்துக் கூட்டுகிறதா, வாக்கியமாகப் படிக்கிறதா என்று குறித்து வைக்க வேண்டும். ஆண்டு முடிவில் அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். நடுவில் ஒரு வருகைப் பதிவேடு. செலவு இவ்வளவுதான்: ஒரு நாற்பது பக்க நோட்டு. குளம் தூர்வாருகிறவர்கள் வேலை தொடங்கும் முன் கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்து படம் எடுத்து வைத்து, முடிந்த பிறகு அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். எத்தனை டிராக்டர் லோடு மண் வெளியே போனது, டீசலுக்கு யார் பணம் கொடுத்தது, எந்த நாளில் எத்தனை பேர் மண்வெட்டி பிடித்தார்கள் என்ற குறிப்பும் வேண்டும். ரத்ததான முகாம் என்றால் ரத்த வங்கி தரும் கடிதத்தில் எத்தனை யூனிட் என்பது இருக்கும். அதை அன்றே வாங்கி வைத்தால் போதும்.

வேலையையும் எழுத்தையும் சேர்த்தே மதிப்பிடும் பழக்கம் நூறாண்டுக்கும் பழையது. அமெரிக்கக் கிராமங்களின் 4-எச் இளைஞர் மன்றங்களில் அதை விரிவாகப் பார்க்கலாம். 1902-ல் ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய சிறுவர் மன்றத்தை அந்த இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். பின்னர் தென் மாநிலங்களில் சிறுவர்களுக்கான மக்காச்சோள மன்றங்கள் பரவின. ஒரு பையன், ஒரு ஏக்கர். அவனே உழ வேண்டும், விதைக்க வேண்டும், அறுக்க வேண்டும். போட்டிக்கு மதிப்பெண் பிரித்த விதம்தான் முக்கியம்: விளைச்சலுக்கு 30, லாபத்துக்கு 30, பார்வைக்கு வைக்கும் பத்துக் கதிர்களுக்கு 20, பயிரை வளர்த்த வரலாற்றை எழுதித் தருவதற்கு 20. ஊரிலேயே அதிகம் விளைவித்தவன் கணக்கும் வரலாறும் எழுதாவிட்டால் பரிசை இழக்கலாம். லாபத்துக்கான மதிப்பெண்ணும் கணக்கு நோட்டு இல்லாமல் கிடைக்காது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பாதி மதிப்பெண் பதிவில்தான் இருந்திருக்கிறது.

சிறுமிகளுக்காக 1910-ல் தென் கரோலினாவின் எய்க்கன் கவுண்டியில் மேரி குரோமர் என்ற ஆசிரியை தக்காளி மன்றம் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு ஏக்கர். விளைந்த தக்காளியைப் பதப்படுத்தி டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். முதலிடம் பெறும் பெண்ணுக்கு வின்த்ராப் கல்லூரியில் படிக்க உதவித்தொகை. முதலாண்டில் அதை வென்ற சிறுமி அந்தச் சிறு துண்டு நிலத்திலிருந்து 500-க்கும் மேற்பட்ட டப்பாக்களை நிரப்பியிருந்தார். பிற மாநிலங்களுக்கும் பரவிய இந்த மன்றங்களில் பெண்கள் தங்கள் கையால் எழுதி, படம் வரைந்து, ரிப்பன் கட்டிச் சமர்ப்பித்த தக்காளி நோட்டுகள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எத்தனை சென்ட்டுக்கு உரம் வாங்கினார்கள், எந்த வாரம் புழு விழுந்தது, கையில் எவ்வளவு மிஞ்சியது எல்லாம் அவற்றில் உண்டு. பெண் பிள்ளை தன் பெயரில் பணம் வைத்திருப்பதே அரிதாக இருந்த காலம் அது. தங்கள் உழைப்பின் மதிப்பைத் தாங்களே கணக்கிட்டுக் காட்ட அந்த நோட்டு அவர்களுக்கு உதவியது.

நம்மிடமும் இதற்கான கட்டமைப்பு இல்லாமல் இல்லை. 1969 முதல் இயங்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டாண்டில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. சாரணர் இயக்கத்தில் ஆளுநர் கையொப்பமிடும் ராஜ்ய புரஸ்காருக்குத் தயாராகும் பிள்ளைகள் லாக் புக் எழுதுகிறார்கள். எடின்பரோ கோமகன் பெயரில் 1956-ல் பிரிட்டனில் தொடங்கி இந்தியாவிலும் நடக்கும் சர்வதேச விருதில் போட்டியே கிடையாது. சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்ற பிரிவுகளில் விடாமல் செய்ததை, அதைக் கண்ணால் பார்த்த ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். ஆனால் நாட்டு நலப்பணித் திட்ட டைரியாகட்டும், லாக் புக்காகட்டும், ஒருவர் எழுதியதைப் பார்த்து முப்பது பேர் எழுதும் கொடுமையைப் பல கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் காண்கிறோம். ‘மரம் வளர்ப்பதன் அவசியம்’ என்று மூன்று பக்கம் இருக்கும்; அன்று அந்தப் பிள்ளை செய்தது ஒரு வரிகூட இருக்காது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த டைரியை ஒருவர் உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்டால் அடுத்த வாரமே எழுத்து மாறும்.

எழுத வேண்டியது அதிகமில்லை. தேதி, இடம், வந்தவர்கள், செய்தது, செலவு, சரியாக வராதது. அன்றிரவே ஐந்தாறு வரி. ‘எல்லாம் வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கிறது’ என்ற பதிலை நம்பக் கூடாது; போன் தொலைந்தால் ஓராண்டு உழைப்பு அதோடு போய்விடும். மாதம் ஒருமுறை படங்களை எடுத்து, தேதியும் இடமும் பெயராகக் கொடுத்து வேறிடத்தில் சேமிக்க வேண்டும். மன்றம் என்றால் தீர்மானப் புத்தகமும் ரசீதுகளும் கட்டாயம். தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், முதலமைச்சர் விருதுக்கு முந்தைய நிதியாண்டில் செய்த பணிகளே கணக்கில் வரும். அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பத்தாண்டு உழைப்பைத் தேதி இல்லாமல் கொட்டி வைத்திருப்பவரால் அந்த ஓராண்டைப் பிரித்துக் காட்ட முடியாது.

‘நான்’, ‘நாங்கள்’ விவகாரமும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ‘நான் செய்தேன்’ என்று எழுதக் கூச்சம். அதனால் எல்லாவற்றுக்கும் ‘மன்றத்தின் சார்பில்’ என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் நேர்மாறாக இருபது பேர் செய்ததைத் தங்கள் பெயரில் போட்டுக்கொள்கிறார்கள். தனிநபர் விருதில் இரண்டும் தவறு. ‘தூர்வாரும் பணியில் 22 பேர் ஈடுபட்டோம், ஊராட்சியிடம் அனுமதி வாங்கியதும் டீசலுக்கு நிதி திரட்டியதும் என் பொறுப்பு’ என்று எழுதினால் யாருக்குச் சேர வேண்டியதும் அவரிடமிருந்து பறிபோகாது. கூட வேலை செய்தவர்கள் படித்துப் பார்த்து ‘சரிதான்’ என்று சொல்லும்படி இருக்கிறதா என்று அனுப்பும் முன் அவர்களிடமே காட்டிவிடுவது நல்லது.

விண்ணப்பதாரருக்கு உள்ளூர் மக்களிடம் இருக்கும் செல்வாக்கையும் முதலமைச்சர் விருதில் பார்க்கிறார்கள். உடனே கட்சிக்காரர்களின் லெட்டர்பேடைத் தேடி ஓட வேண்டாம். ‘நன்னடத்தை உடையவர், சமூக அக்கறை கொண்டவர்’ என்று யாருக்கும் பொருந்தும் கடிதத்தால் ஒன்றும் விளங்காது. ‘இவர் நடத்தும் வகுப்புக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் 18 பேர் போகிறார்கள், அதில் நான்கு பேர் இடைநின்று திரும்பி வந்தவர்கள்’ என்று தலைமையாசிரியர் எழுதும் இரண்டு வரி அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தக் கடிதத்தைப் பணி முடிந்த மாதமே கேட்டு வாங்க வேண்டும். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார், ஊராட்சித் தலைவர் மாறுவார். பிறகு நினைவு வைத்து எழுதித் தர ஆள் இருக்காது.

விண்ணப்பத்தோடு கேட்கப்படும் பணி விவரணத்தை டி.டி.பி. சென்டரில் எழுதித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. ‘இளைஞர்களின் விடிவெள்ளி’, ‘சேவைச் செம்மல்’ போன்ற சொற்கள் நுழைவது அங்கேதான். அவற்றைக் கருணையில்லாமல் அடித்துவிட வேண்டும். எந்தப் பிரச்சினை கண்ணில் பட்டது, முதலில் என்ன செய்து பார்த்தீர்கள், எங்கே தடுக்கியது, அதன்பின் எதை மாற்றினீர்கள், இப்போது நிலைமை என்ன? இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோலச் சொல்லி, சொன்னபடியே எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்கும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உதவி வாங்குகிறவர்களைக் கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுக்கும் படங்கள் சாதனைப் பதிவில் வேண்டாம். ஒரு பை அரிசிக்காக ஒரு மூதாட்டி தன் முகத்தைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. பயனாளிகள் பட்டியல், கையெழுத்து, கடைக்காரர் ரசீது இவை போதுமான சாட்சி. பிள்ளைகளின் படம் என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்டாக வேண்டும்.

இதே பதிவு உதவித்தொகைக்கும் துணை நிற்கும். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இவையெல்லாம் விண்ணப்பிக்கும் எல்லாரிடமும் இருக்கும். நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கும் அறக்கட்டளைகளில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் திணறும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். தம்பி தங்கையை வளர்த்தது, விடுமுறையில் கட்டட வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டியது, அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தது எதையும் சாதனை என்று அவர்கள் நினைப்பதே இல்லை. அவையும் பதிவில் இடம்பெற வேண்டும். அம்மாவின் குழுவுக்கு மூன்றாண்டு கணக்கு எழுதிய பெண், பதக்கம் வாங்கிய பையனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவள் அல்ல. 5 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான பிரதமரின் தேசிய பால புரஸ்காருக்குத் தாமே விண்ணப்பிக்கலாம் என்பதுகூடப் பல அரசுப் பள்ளிகளில் தெரிவதில்லை. சில ஆங்கில வழிப் பள்ளிகளில் போர்ட்ஃபோலியோ தயாரிக்கத் தனியாக ஆளே இருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அப்படி யாருமில்லை. ஊர்ப்புற நூலகங்களில் மாதம் ஒரு ஞாயிறு, எழுதத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து இந்த நோட்டுகளைப் படித்துத் திருத்தித் தந்தால் இந்த இடைவெளியில் பாதி குறையும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இல்லாத ஊர் எது?

அரசுத் தரப்பிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. அந்த மக்காச்சோளப் பையன்களுக்கு எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது விதைக்கும் முன்பே தெரியும். நம் இளைஞர்களுக்கும் அது தெரிய வேண்டும். அறிவிப்பு வரும்போது அல்ல, நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே. பணியின் அளவுக்கு எவ்வளவு, தொடர்ச்சிக்கு எவ்வளவு, ஊர் மக்களின் மதிப்புக்கு எவ்வளவு என்று மாவட்ட விளையாட்டு, இளைஞர் நலன் அலுவலகங்களின் வாசலில் எழுதி ஒட்டட்டும். தேர்வாகாதவர்களுக்கு எந்த இடத்தில் குறைந்தது என்று ஒரு வரி பதில் அனுப்பட்டும். ஆறு பேருக்கு விருது போகும். மற்றவர்கள் அடுத்த ஆண்டு எந்தப் பக்கத்தை மாற்றி எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள்.