அரசுக் கல்லூரியில் இடம்: எந்த மார்க், எந்தப் படிப்பு?

பிளஸ் டூ முடிவு வந்ததும் தாலுகா ஊர்களில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரி வாசலில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும்?" பதில் சொல்ல வேண்டுமானால், கல்லூரி எந்த மார்க்கைப் பார்க்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

விண்ணப்பம், அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். இணைய வசதி இல்லாதவர்கள் கல்லூரியின் உதவி மையத்துக்கே போகலாம்.

அடுத்தது தகுதி. இதைச் சமையலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பருப்பு இல்லாத வீட்டில் சாம்பார் வைக்க முடியாது. அதேபோல, பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவருக்கு பி.எஸ்சி. கணிதம் கிடையாது, வேதியியல் எடுக்காதவருக்கு பி.எஸ்சி. வேதியியல் கிடையாது. பி.ஏ. தமிழ், வரலாறு போன்ற படிப்புகளுக்கோ எந்த குரூப் படித்தவரும் வரலாம்.

பிறகு அளவை. பலர் தடுமாறுவது இங்கேதான். பிளஸ் டூ மொத்தம் 600. அதில் மொழிப்பாடங்கள் இரண்டுக்கும் 200, மற்ற நான்கு பாடங்களுக்கு 400. பெரும்பாலான படிப்புகளுக்குத் தரவரிசை அந்த 400-ஐ வைத்துத்தான். ஒருவர் மொத்தம் 480 வாங்கி, அதில் 180 மொழிப்பாடங்களில் என்றால், அவருடைய கணக்கு 300. இன்னொருவர் மொத்தம் 470 தான். ஆனால் மொழிப்பாடங்களில் 150 என்பதால் அவருக்கு 320. முன்னால் நிற்பவர் இரண்டாமவரே. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க் என்று தனித்தனிப் பட்டியல். அதனால் ஒரே மாணவருக்கு ஒரே கல்லூரியில் மூன்று ரேங்க் இருக்கலாம். மொத்த மார்க்கைப் பார்த்து மனம் உடைந்த பிள்ளை, தமிழில் 95 வாங்கியிருந்தால் அந்தப் பட்டியலில் மேலே இருப்பாள். அதைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

இடங்கள் 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பிரிகின்றன: பொதுப் பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியலினத்தவர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. பொதுப் பிரிவு 31-இல் மார்க் இருக்கும் யாரும் போட்டியிடலாம்.

கலந்தாய்வு கல்லூரியிலேயே நடக்கிறது. முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவு. பிறகு ரேங்க்படி மற்றவர்கள். மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் அசலாகக் கையில் இருக்க வேண்டும். கூப்பிட்ட நாளில் வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சான்றிதழுக்கு அலைவதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

இடம் கிடைத்தாயிற்று. மூன்று ஆண்டு, ஆறு பருவம். இனி பாடத்திட்டத்தின் ஐந்து பகுதிகளையும் இலை போட்டுப் பரிமாறுவதுதான். இலையின் நடுவில் சோறு: அதுதான் மூன்றாம் பகுதி, நீங்கள் எடுத்த பாடமும் அதன் துணைப்பாடங்களும். அதன்மேல் ஊற்றும் குழம்பும் ரசமும் முதல் பகுதித் தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம். பெரும்பாலும் முதல் நான்கு பருவங்களுக்கு வரும். கூட்டு பொரியலாகச் சுற்றி வைப்பது நான்காம் பகுதி: சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன்சார் பாடங்கள். இலை ஓரத்து உப்பு, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற ஐந்தாம் பகுதி. உப்பு கொஞ்சம்தான், ஆனால் அதுவும் இருந்தால்தான் பட்டம். சுற்றுச்சூழல் கல்வியில் அரியர் வைத்துக்கொண்டு, மேஜரில் முதல் வகுப்பு வாங்கினாலும் பட்டம் கைக்கு வராது.

ஒவ்வொரு தாளிலும் பொதுவாக 25 மார்க் கல்லூரியின் அகமதிப்பீடு, 75 மார்க் பருவத் தேர்வு. அந்த 25, வகுப்புத் தேர்விலும் அசைன்மென்டிலும் மெல்லச் சேர்வது. கடைசி வாரத்தில் கேட்டு வாங்க முடியாது.

சேர்ந்த முதல் மாதத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவி உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டம், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கோடு கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள், பதிந்து கொடுப்பார்கள்.